ஐந்து வயது என்று எழுதினேன்

பெரிய டீச்சருக்காக எங்கள் பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அவர் எந்த வருடம் எந்த ஊரில் வேலை பார்த்தார், எப்போது ஓய்வு பெற்றார், அதற்குப் பிறகு என்னென்ன செய்தார் என்பதெல்லாம் எனக்குத்தான் வரிசையாகத் தெரியும் என்றார்கள். பேசினேன். பதினொரு நிமிடம் ஆயிற்று. ஒன்றை மட்டும் பேசாமல் விட்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

அவர் அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். பத்தொன்பது வயதில் கணவரை இழந்தார். அதன் பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். கடைசியாக வந்தது எங்கள் பள்ளி. இரண்டே ஆசிரியர்கள் உள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளி. அவர் ஓய்வு பெற நான்கு வருடம் இருக்கும்போது நான் இருபத்தொரு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் அவரைப் பெரிய டீச்சர் என்றது, என்னைச் சின்ன டீச்சர் என்றது. இப்போது எனக்குத் தலை நரைத்துவிட்டது. இன்னும் சின்ன டீச்சர்தான்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் டவுனுக்குத் திரும்பவில்லை. ஊரிலேயே ஓர் ஓட்டு வீட்டில் இருந்துகொண்டார். பெண்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அடிபம்பு கேட்டு மனு எழுதினார், கண்புரை விழுந்தவர்களைக் கண் முகாமுக்கு அழைத்துப்போய் அவர்களோடு தரையில் படுத்துக்கிடந்தார். யார் வீட்டிலும் சாப்பிட மாட்டார். ஒரு வீட்டில் சாப்பிட்டால் அடுத்த தெருக்காரர்கள் கணக்குக் கேட்பார்கள் என்பார். தண்ணீர் கொடுத்தால் நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

இவை எல்லாவற்றையும்விட அவர் பேர்போனது கல்யாணங்களை நிறுத்தியதில். பதினைந்திலும் பதினாறிலும் பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசுவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். தகவல் கிடைத்ததும் அவர் முதலில் பள்ளிக்கு வருவார். அவருக்குப் பிறகு நான்தான் தலைமை ஆசிரியை. சேர்க்கைப் பதிவேட்டை எடுக்கச் சொல்லி, பிள்ளையின் பிறந்த தேதியை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, மாதர் சங்கத்துப் பெண்கள் நாலு பேரோடு கல்யாண வீட்டுக்குப் போவார்.

"நான் பெத்த பிள்ளைக்கு வயசு எனக்குத் தெரியாதா?" என்று தகப்பன் எகிறுவான்.

"நல்லாத் தெரியும். ஆட்டுக்குப் பல்லப் பிடிச்சுப் பாத்து வயசு சொல்லுற ஆளு, பிள்ளைக்குச் சொல்ல மாட்டியா? ஆனா எழுதி வைக்கலையே. ரிஜிஸ்டர்ல இருக்கிறதுதான் வயசு. ரிஜிஸ்டர் பொய் சொல்லாது" என்பார்.

இப்படி மூன்று கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறார். மூன்று முறையும் தேதியை எழுதிக் கொடுத்தவள் நான்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளுக்குப் போக வேண்டும். ஜூன் மாதம். காலை பத்தே காலுக்கு ஒரு தாய் இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்தாள். மூத்தவளுக்கு எட்டு வயது. சின்னவள் மூத்தவளின் இடுப்பில் இருந்தாள். மூத்தவளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிப் பெரிய டீச்சர் இரண்டு வருடமாக அந்த வீட்டு வாசலுக்கு நடந்திருக்கிறார். தாய்க்கு ஒரே பதில்தான்.

"இவ இங்க வந்துட்டா சின்னதை யாரு பாப்பா டீச்சர்? நான் காட்டு வேலைக்குப் போக வேண்டாமா?"

"ரெண்டையும் சேத்துக்கிறேன். மூத்தவ படிக்கட்டும், சின்னவ பக்கத்துல உக்காந்திருக்கட்டும்."

"மத்தியானம் சோறு?"

பதிவேட்டில் பேர் இருக்கிற பிள்ளைக்குத்தான் மதியச் சாப்பாடு. பேர் ஏற வேண்டுமானால் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்று அப்போது யார் கையிலும் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. அதுதான் கணக்கு. சின்னவளின் கை உச்சந்தலை வரைதான் வந்தது. பெரிய டீச்சர் அந்தத் தலையைப் பிடித்து வலது பக்கமாகச் சாய்த்தார். விரல் காதில் பட்டது. பிள்ளை கூச்சம் தாங்காமல் சிரித்தது.

"பாரு, எட்டிருச்சு. அஞ்சுன்னு போடு பிள்ள" என்றார் என்னிடம்.

ஐந்து வயதுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு ஜூன் மாதத் தேதியைப் பதிவேட்டில் எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

எனக்குப் பதினாறு வயதிலிருந்து டைரி எழுதும் பழக்கம். அன்று மாலை எழுதியது இது: "கண்மாய் நிரம்பி மறுகால் போன ஐப்பசியில் பிறந்தது என்று தாய் சொன்னாள். அப்படியானால் மூன்று வயதுகூட நிறையவில்லை. ஐந்து என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன்."

அதை அன்று தப்பு என்று நான் நினைக்கவில்லை. அக்காள் படிக்க வேண்டுமானால் தங்கையையும் சேர்த்தாக வேண்டும். அப்படித்தான் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் வந்தார்கள். மூத்தவள் எட்டாம் வகுப்பு வரை படித்தாள். சின்னவள் மூன்று வருடம் ஒன்றாம் வகுப்பிலேயே இருந்தாள். நாலு மாதம் அக்காள் மடியில் தூங்கினாள், பிறகு சிலேட்டைப் பிடித்தாள். அதன் பிறகு ஒரு வகுப்பிலும் தங்கவில்லை. ஊரில் பிளஸ் டூ வரை போன முதல் பெண் அவள்தான். ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எண்பதுகளின் பிற்பாதியில், பிளஸ் டூ பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, பாளையம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருந்த ஒருவருக்கு அவளைப் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளைக்கு முப்பது வயது. தகப்பன் கெட்டவர் அல்ல. இரண்டு வருடமாக மழை இல்லை, மிளகாய்ச் செடி காட்டிலேயே கருகியிருந்தது, நல்ல இடம் தானாகத் தேடி வந்தது. தை மாதம் வெள்ளிக்கிழமை கல்யாணம். அந்த வாரத் திங்கட்கிழமை பதினொன்றே முக்காலுக்குத் தகப்பன் பள்ளிக்கு வந்தார்.

"சின்ன டீச்சர், எம்மகளுக்கு ஒரு வயசுச் சர்ட்டிபிகேட்டு வேணும். பெரிய டீச்சரு வாரதுக்கு முன்னாடி கையில பேப்பரு இருக்கணும்ல" என்று சிரித்தார்.

பதிவேட்டில் அவளுக்குப் பதினெட்டரை. பிறந்த கணக்கில் பதினாறே கால். பதிவேட்டில் இருந்ததை எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தேன். வேறு எதையும் நான் எழுத முடியாது. அது உண்மைதான். ஆனால் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் என்னால் கரும்பலகையில் எழுத முடியவில்லை.

புதன்கிழமை பிள்ளைகள் போன பிறகு, நாலு பத்துக்கு, அவளே வந்தாள். பள்ளிச் சீருடையில் இருந்தாள். திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்தவள் வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்திருக்கிறாள்.

"டீச்சர், நான் பொறந்தது எப்பன்னு ரிஜிஸ்டரத் தவிர வேற எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"இல்லையே" என்றேன்.

"பெரிய டீச்சரு சொன்னாக, ஏதாச்சும் பேப்பரு இருந்தா நிறுத்திரலாம்னு. அம்மாகிட்ட கேட்டா ஐப்பசிங்குது. எந்த வருசம்னு கேட்டா மறுகால் போன வருசம்ங்குது. அத வச்சு என்ன செய்ய டீச்சர்?"

"ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

"சரிங்க டீச்சர். வாரேன்" என்று போனாள்.

என் வீட்டுத் தகரப் பெட்டியில் டைரிகள் வருட வரிசைப்படி இருந்தன. அன்று அதைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். தேதி, கிழமை, நேரம், தாய் சொன்னது எல்லாம் இருந்தன. என் கையெழுத்தில், பதினான்கு வருடப் பழைய மசியில், பதிவேட்டில் பொய்யாக எழுதினேன் என்பதும் இருந்தது. என் கணவர் லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருந்தார். ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். டைரியை அதன் வரிசையில் திரும்ப வைத்தேன்.

வியாழக்கிழமை காலை கிராம நிர்வாக அதிகாரியும் ஒரு போலீஸ் ஏட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தார்கள். பெரிய டீச்சர் எழுதிக் கொடுத்த புகார். பதிவேட்டோடு என்னையும் வரச் சொன்னார்கள். வழியில் பெரிய டீச்சர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

பந்தலில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். அவர் நடுவில் நின்று, அந்தப் பிள்ளைக்கு வயது இரண்டு வருடத்துக்கு மேல் கூட்டி எழுதியிருக்கிறது, எழுதச் சொன்னது தான்தான், பதிவேடு தப்பு என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். பெண்ணின் தகப்பன் எழுந்தார்.

"ஏன் டீச்சர், மேலத்தெரு கல்யாணத்துல என்ன சொன்னீக? ரிஜிஸ்டர் பொய் சொல்லாதுன்னீகளா இல்லையா? ஊருக்கு ஒரு ரிஜிஸ்டரு, எனக்கு ஒரு ரிஜிஸ்டரா?"

"அப்ப எம்மக கல்யாணத்த நிறுத்துனதும் தப்புத்தான" என்றார் மேலத்தெருக்காரர், வெற்றிலையை மென்றுகொண்டே.

"வயசாயிருச்சுல்ல, அவுகளுக்கு ரிஜிஸ்டரும் தெரியல எதுவும் தெரியல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

 ஏட்டு மரியாதையான மனிதர். "ஆதாரம் ஏதாச்சும் இருக்கா டீச்சர்?" என்று கேட்டார்.

"என் வாய்தான் ஆதாரம்."

ஏட்டு பதிவேட்டைப் புரட்டி என் பக்கம் திரும்பினார். "இந்த எழுத்து யாருது?"

"எழுத்து என்னுது. கையெழுத்து அவுகளுது."

"எழுதுறப்ப பிள்ளைக்கு என்ன வயசு இருக்கும்?"

நான் வாயைத் திறக்கும் முன் பெரிய டீச்சர் சொன்னார். "அவளுக்குத் தெரியாது. அவ வேலைக்கு வந்து மூணாம் நாளு. நான் சொன்னேன், அவ எழுதினா."

ஏட்டு என்னைப் பார்த்தார். தெரியும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பெண்ணின் தாய் நின்றாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் பதிவேட்டை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். பேப்பரில் உள்ளதை மீறித் தான் எதுவும் செய்ய முடியாது என்று ஏட்டு சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது.

அடுத்த வருடம் ஆடி மாதம் அவள் பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தையும் தங்கவில்லை. உடலை எங்கள் ஊருக்குக் கொண்டுவரவில்லை, பாளையம்பட்டியிலேயே எடுத்தார்கள். நானும் பெரிய டீச்சரும் ஒரே பஸ்ஸில் போனோம்.  அவர் அந்த வீட்டுக்குள் போகவில்லை. எடுக்கும் வரை தெருவில் வெயிலில் நின்றார். ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அதில் அவர் உட்காரவில்லை.

அதன் பிறகு அவர் இருந்த ஒன்பது வருடங்களைப் பற்றித்தான் கூட்டத்தில் எல்லோரும் பேசினார்கள். எட்டு ஊர்களில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், குளிப்பாட்டி முடிக்கும் முன்னே அவர் வாசலில் நிற்பார் என்றார்கள். பிறந்த நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, தகப்பனைக் கையோடு கூட்டிப்போய்ப் பதிவு செய்ய வைப்பார். எழுபது வயதுக்கு மேல், முழங்கால் வீக்கத்தோடு நடந்தார். கல்யாணங்களை நிறுத்துவதையும் விடவில்லை. பதிவேட்டைக் கேட்டு என்னிடம் வருவதுதான் நின்றுபோனது. போன வீட்டில் முதலில் "பெத்தவளக் கூப்பிடு" என்பாராம். தாயைக் கேட்ட பிறகுதான் மற்றவர்களைக் கேட்பாராம். எவ்வளவு தொலைநோக்கு என்று ஒருவர் கூட்டத்தில் வியந்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

கடைசி ஒன்றரை மாதம் அவர் அருப்புக்கோட்டையில் தம்பி மகன் வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்த்தேன். ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர்கள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், சொன்னேன்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. காது ஒண்ணுதான் இன்னும் ஒழுங்கா வேலை பாக்குது."

"அன்னைக்கு ஆதாரம் இருந்துச்சு. என் டைரியில அந்தப் பிள்ளை பொறந்த மாசம், அன்னைக்கு இருந்த வயசு எல்லாம் எழுதியிருந்தேன். அவ வந்து கேட்டா. இல்லைன்னு சொல்லிட்டேன்."

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நீ வேலைக்குச் சேந்த அன்னைல இருந்து பாக்குறேன். பஸ்ஸு அஞ்சு நிமிசம் பிந்துனாக்கூட எழுதி வைக்கிறவ. இத எழுதாம விட்டிருப்பியா?"

"பின்ன ஏன் டீச்சர் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டிருந்தா குடுத்திருப்ப."

என்னைப் பார்க்காமலே, "உன் வேலை போயிரும்னு தெரியும். உன் புருசன் கெடக்குற கெடையும் தெரியும். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணந்தான, எப்படியும் பொழச்சுக்கிருவான்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "அப்படி நெனச்சுட்டேன் பிள்ள" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பதினொன்றாம் நாள் காலையில் இறந்தார். அவருக்கு எழுபத்தெட்டு வயது.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக்கூடத் தராமல் என்னைக் காப்பாற்றியிருக்கிறார் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன் என்று அவர் நம்பினார். நான் கொடுத்திருக்க மாட்டேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடினேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு அந்தப் பெண்ணின் தாயும் வந்திருந்தாள். இப்போது அவள் மல்லாங்கிணற்றில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறாள். கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு அவளோடு நடந்தேன். அங்கே வேறு யாரும் இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டைரியில் எழுதியிருந்ததை, மகள் வந்து கேட்டதை, இல்லை என்றதை, பெட்டியைத் திறந்து மூடியதை.

அவள் நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். கட்டைச் சுவரில் உட்கார்ந்து, கையிலிருந்த பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நானும் அங்கனதான நின்னேன். ஏட்டையா எங்கிட்ட ஒரு வார்த்த கேப்பாருன்னு பாத்துக்கிட்டே நின்னேன்" என்றாள். பிறகு, "அந்த டைரியில எம்பிள்ளையப் பத்தி வேற என்ன எழுதியிருக்கீக டீச்சர்?" என்று கேட்டாள்.

"வேறன்னா?"

"என்னமும். எங்ககிட்ட அவ போட்டோ ஒண்ணுகூட இல்ல. கல்யாணப் போட்டோ அவுக வீட்டுலயே இருந்துக்கிருச்சு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையைச் சாய்த்தபோது பிள்ளை சிரித்ததைச் சொன்னேன்.

"அன்னைக்கு என்ன பாவாட கட்டியிருந்தான்னு எழுதியிருக்கா?"

"இல்ல."

"பச்ச. அவ அக்கா பாவாடையச் சின்னதாக்கித் தச்சது" என்றாள். "அப்பறம்?"

முதல் நாள் கோதுமை உப்புமாவை அக்காளுக்கு ஊட்டப் போனதைச் சொன்னேன். சிலேட்டில் முதன்முதலாக "அ" எழுதிவிட்டு அதை யாரும் அழிக்கக்கூடாது என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சொன்னேன். மூன்றாம் வகுப்பில் அம்மை போட்டு இருபது நாள் வராமல் இருந்ததை, ஐந்தாம் வகுப்பில் கூட்டிப் பெருக்கும் முறை வராத நாளிலும் வந்து பெருக்கியதை, பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று செருப்பில்லாமல் ஓடிவந்ததைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவள் தலையை ஆட்டிக்கொண்டு, "அப்பறம்?" என்றாள். கடைசியாக அந்தப் புதன்கிழமையைச் சொன்னேன். சீருடையில் வந்ததையும், சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனதையும்.

"அப்பறம்?"

என் டைரிகளில் ஏழு இடங்களில் அவளைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஏழும் முடிந்துவிட்டன. பஸ் இன்னும் வரவில்லை.